ஏழுமலையின் கையெழுத்து

எழுபத்து நாலு மே மாதம், ரயில்வே வேலைநிறுத்தம். சாயங்காலங்களில் ஊர்வலத்தில் தொண்டை கிழிய 'சோல்பே நா', நடக்காது, நடக்காது என்று கத்துவேன். பகலில், பவானிபூரில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், ரிப்பன் கட்டாமல் வரும் பெண்களை வெளியே நிறுத்துவேன். இரண்டும் ஒரே வாய்தான். அன்றைக்கு அதில் எனக்கு வெட்கமே இருக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பு நீலாவதி ப்ரோகிரஸ் கார்டை நீட்டினாள். அப்பா கையெழுத்து இருந்தது. அவள் அப்பா ஏழுமலை ரயில்வே ஃபிட்டர். போலீசுக்குப் பயந்து இரண்டு வாரமாகத் தலைமறைவு. அது வகுப்புக்கே தெரியும். கள்ளக் கையெழுத்து என்று எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஹெட்மாஸ்டர் ஸ்ரீனிவாசராகவன் வாசலில் நின்றதுகூட என் கண்ணில் படவில்லை.

"உங்கப்பாதான் வீட்டுக்கே வர்றதில்லையே, இதை யாருடி போட்டது?"

அவள் ஹெட்மாஸ்டரைப் பார்த்தாள். பிறகு என்னை.

"நான்தான் போட்டேன் டீச்சர்."

கள்ளக் கையெழுத்துக்கு டி.சி. கொடுத்து அனுப்புவது பள்ளி விதி. ஒப்புதல் எழுதி வாங்க அவளை ஆபீஸ் அறைக்கு அழைத்துப் போனேன். ஒரு துண்டுத்தாளைக் கொடுத்து, அதே கையெழுத்தைப் போடச் சொன்னேன். நாலு தரம் முயன்றாள். கிட்டேகூட வரவில்லை.

அப்படியானால் கார்டில் இருப்பது அசல் கையெழுத்துதான். ஏழுமலை வந்து போயிருக்கிறார்.

"போன வாரம் போலீஸ் அப்பாவைப் பத்தி ஹெட்மாஸ்டர்கிட்ட விசாரிச்சாங்களாம். நான் போட்டதாவே எழுதிடுங்க டீச்சர்," என்றாள் மெல்ல.

உண்மையைச் சொன்னால் அப்பன் மாட்டுவான். மறைத்தால் மகள் படிப்பு போகும். அந்தத் துண்டுத்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஹெட்மாஸ்டரிடம் இந்த ஒரு தடவை விட்டுவிடும்படி கெஞ்சினேன்.

"ரூல் உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

தெரியும். டி.சி.யை என் கையாலேயே எழுதினேன். தோழர்களிடமும் வாய் திறக்க முடியாது. மெஸ் அறையில் நான் ஒண்டிக்கட்டை.

ஞாயிற்றுக்கிழமை, வேலைநிறுத்தக் குடும்பங்களுக்காகத் திரட்டிய அரிசியோடு கிடர்பூரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நீலாவதியின் அம்மா நாகம்மா எப்போதும் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைப்பாள். அன்று கதவை ஒரு சாண் திறந்து பையை வாங்கிக்கொண்டாள்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"அவரு இங்க இல்லீங்க டீச்சர்."