கிளட்ச் டீச்சரும் மூன்று மாத்திரை அட்டைகளும்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பெருமை. சமூக அக்கறை என்றெல்லாம் சொல்லி உங்களை ஏமாற்றப்போவதில்லை. என் அம்மா கார் ஓட்டும் பயிற்சிப் பள்ளி நடத்தியவள். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள். ஊர் அவளுக்கு வைத்த பெயர் கிளட்ச் டீச்சர். அவளுக்கு மூளை கலங்கிவிட்டதாக அதே ஊர் பேசியபோது எனக்கு வந்த கோபம்தான் இதன் முதல் வரி. அதை அச்சில் போட முடியாது. அதற்குப் பதிலாக எழுதிப் பார்த்த வேறு வரிகள்:

'கூடத்தில் இல்லாத ஆட்டை அம்மா விரட்டிக்கொண்டிருந்தாள்.' (நடந்ததுதான். ஆனால் சிரித்துவிடுவீர்கள். வேண்டாம்.)

'முதுமை என்பது ஒரு—' (எழுதும்போதே கொட்டாவி வந்தது.)

2

நேராகவே சொல்கிறேன். அம்மாவுக்கு வாய் வறண்டது, பேச்சு குழறியது, ஒன்றுக்குப் போவதே பெரும்பாடாயிற்று. அண்ணனைப் பார்த்து, "லைசென்ஸ் வாங்கிட்டியாப்பா?" என்று கேட்டாள். ஆடு வந்த அன்று அவன் கார் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். இனி அம்மா வண்டியைத் தொடக் கூடாது என்றான். வண்டி இல்லாத அம்மாவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

(அம்மா அழுதாள் என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. அண்ணனைத் திட்டினாள். அந்த ஒரு நிமிடம் அவன் யாரென்று அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.)

3

டாக்டர் சின்னப் பெண். (இவருக்கு ஏதாவது குறை வைத்தால்தான் பாத்திரம் நிற்கும் என்று தேடினேன். சிக்கவில்லை.) "அம்மா சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் எடுத்து வைங்க" என்றார்.

அண்ணன் ஓர் அட்டையை மேசையில் வைத்தான். "தும்மலுக்கு. நான்தான் தவறாம குடுக்கறேன்."

நான் விட்டுக்கொடுப்பேனா? "இது அரிப்புக்கு. நான் வாங்கிக் குடுத்தது."

அம்மா தன் கைப்பையைத் துழாவினாள். "தூக்கம் வரலேன்னா இதுல ரெண்டு. தூக்க மாத்திரையெல்லாம் நான் தொடமாட்டேன். இது வெறும் சளி மாத்திரை. சீட்டு இல்லாமலே குடுப்பாங்க."

மூன்று நிறம், மூன்று பெயர். டாக்டர் அட்டைகளைத் திருப்பிப் பொடி எழுத்துகளைப் படித்தார்.

"மூணும் ஒரே வகை மருந்து. அலர்ஜிக்குக் குடுக்கறது. வயசானவங்களுக்கு ஒண்ணே அதிகம். மூணும் சேர்ந்தா மூளையக் குழப்பிடும். வாய் வறண்டது, ஒண்ணுக்கு அடைச்சது, ஆடு, எல்லாம் இதனாலதான் இருக்கும். நிறுத்திப் பார்ப்போம்."

எங்களில் யாருக்குப் பாசம் அதிகம் என்ற போட்டி அத்துடன் முடிந்தது.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: சீட்டில்லாமல் கிடைப்பதால் அதை மிட்டாய்க் கணக்கில் சேர்த்திருந்தோம். யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.)

4

மாத்திரைகளை நிறுத்தினோம். கொஞ்ச நாளில் ஆடு போயிற்று, அம்மா வந்தாள்.

"ஆடு எங்கம்மா?"

"எந்த ஆடு? உளறாதே."

அந்த அதட்டலைக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்தது. என் அம்மா! விஷம் மாதிரி ஏறிய மயக்கத்தை உதறிவிட்டு எழுந்தவள்.

இதுவரை எழுதியதைப் படித்தாள். "மூணாவது கியர்ல போக வேண்டிய எடத்துல ரெண்டுல உருட்டறே" என்றாள். கதைக்கு யோசித்து வைத்திருந்த முடிவுகளையும் காட்டினேன்.

முடிவு ஒன்று: சாவி அண்ணனிடமே இருக்க, அம்மா ஜன்னலோரம் அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள். ("யாருடி இவ?")

முடிவு இரண்டு: நெடுஞ்சாலையில் காரில் பறக்கிறாள். ("நான் என்னிக்குடி பறந்தேன்? வேக வரம்புன்னு ஒண்ணு இருக்கு.")

இரண்டும் குப்பைக்குப் போயின.

5

"முதல்ல ஆளில்லாத எடத்துல, பக்கத்துல ஒருத்தரை வச்சுக்கிட்டு ஓட்டிப் பாருங்க" என்று டாக்டர் சொல்ல, அண்ணன் மனசில்லாமல் சாவியைக் கொடுத்தான். பயிற்சி வண்டி அது. பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அங்கே இப்போது நான்.

காலி மைதானத்தை அம்மா சுற்றி வந்தாள். ஒரு குலுக்கல் இல்லை. பிறகு மைதானத்து வாசலில் நிறுத்தி இண்டிகேட்டரைப் போட்டாள். எதிரே சாலை, பள்ளிக்கூடம் விட்ட கூட்டம்.

"போலாமா?"

"அம்மா, இன்னிக்கு இது போதுமே..."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

"பிரேக்குல கால வச்சுக்கிட்டுத்தான் என்னைப் பத்திப் பெருமையா எழுதறியாக்கும்?"

பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிறார்கள். நான் இறங்கிக்கொள்கிறேன். நீங்கள் வந்து உட்காருங்கள். காலை எங்கே வைப்பது என்பது உங்கள் பாடு.