மூன்றாம் பொத்தான்

அந்தக் கறுப்பு எஸ்யூவி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாஸ்டருக்கு மனசு சரியில்லை. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். கோபம் வந்தால் கட்டிய மனைவியும் "சரிங்க மாஸ்டர்" என்பாள். அவள் பல் டாக்டர். தினமும் பத்துப் பேரை வாயைத் திறக்கவைத்து, பதில் பேச முடியாதபடி பஞ்சை வைத்துவிட்டுக் கேள்வி கேட்கிறவள். வீட்டில் மட்டும் கேள்வி கேட்பது மாஸ்டர், மழுப்புவது அவள்.

வண்டி அவளுடைய சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அதில் அவருக்கு வாய் திறக்க உரிமை இல்லை. ஆனால் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே அதை நிறுத்திவிட்டால், பக்கத்தில் நிற்கும் அவருடைய பயிற்சிக் காருக்குள் நுழைய வயிற்றை எக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. தோல் சீட், கூரை முழுக்கக் கண்ணாடி, முன் சீட்டு இரண்டுக்கும் நடுவில் சாப்பாட்டு மேசை மாதிரி ஒரு மேடை. பெட்ரோல் பங்க்குக்காரன் இப்போதெல்லாம் அவளைப் பார்த்தால் எழுந்து நிற்கிறான்.

"மலை ஏறப் போறியா? ஆத்தைக் கடக்கப் போறியா? வீட்டுக்கும் கிளினிக்குக்கும் நடுவுல நாலு சிக்னல். அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய யானை?" என்று முதல் நாளே கேட்டார்.

"உசரமா உக்காந்தா ரோடு நல்லாத் தெரியுது."

அடுத்த வாரம் கேட்டபோது இடுப்பு வலிக்கு நல்லது என்றாள். அதற்கடுத்த வாரம், இடித்தால் நமக்கு அடிபடாது என்றாள். நம்ம பழைய காரில் இத்தனை வருஷம் எந்த இடுப்பு வலித்தது, யார் வந்து இடித்தார்கள் என்று கேட்டதற்கு, "டீ ஆறுது, குடிங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

இங்கேதான் மாஸ்டருக்கு மூக்கில் வியர்த்தது. வண்டி ஏன் நின்றது என்று கேட்டால் மூன்று காரணம் சொல்கிற மாணவன் நிஜக் காரணத்தைச் சொல்லவில்லை என்பது அவருடைய தொழில் அனுபவம். மனைவி மூன்று காரணம் சொன்னால்?

மாஸ்டரிடம் ஒரு பழக்கம் உண்டு. பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். மாணவன் தடுமாறினால் இவர் அதை மிதித்து நிறுத்துவார். இருபது வருஷம் மிதித்து மிதித்து அந்தக் கால் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. பஸ்ஸில் போனாலும் தரையை அமுக்கும். ஒருமுறை மனைவியின் கிளினிக்கில் பல் சுத்தம் செய்ய நாற்காலியில் சாய்ந்தபோதும் அமுக்கியது. அவள் கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பயிற்சிக் காரை எடுக்க வழியில்லாமல், எஸ்யூவியை நகர்த்தப் போனார். கதவில் மூன்று பொத்தான்கள் இருந்தன. ஒவ்வொருவரும் தன் உயரத்துக்கு ஏற்றபடி சீட்டை வைத்துக்கொண்டு நினைவில் பதித்துவிடலாமாம். பிறகு பொத்தானைத் தொட்டால் சீட் தானாக அந்த இடத்துக்குப் போய்விடும். ஒன்று மனைவியுடையது. இரண்டை மாஸ்டருக்காகப் பதித்துக் கொடுத்திருந்தாள். அவர் ஓட்டவே இல்லை என்பது வேறு கதை. மூன்று காலியாக இருக்க வேண்டும்.

சும்மா அமுக்கிப் பார்த்தார். சீட் முனகிக்கொண்டே முன்னால் நகர்ந்தது. பிறகு மேலே எழும்பியது. மாஸ்டரின் முழங்கால்கள் ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டன, தொந்தி ஸ்டியரிங்கில் அழுந்தியது, தலை கூரையைத் தொட்டது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் தாமாகக் கீழே குனிந்தன. எதிர்வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு நின்று வேடிக்கை பார்த்தார். ஆனால் மாஸ்டருக்கு வெட்கப்படக்கூட நேரமில்லை. இவ்வளவு முன்னால், இவ்வளவு உயரத்தில் சீட்டை வைத்து ஓட்டுகிற ஆள் அவருமில்லை, அவளுமில்லை. யாரோ ஒரு குள்ளமான ஆள்.

குள்ளமான ஆள் என்றதும் அவருக்கு ஒரே ஒரு முகம்தான் ஞாபகம் வந்தது. கிளினிக்குக்குப் பல் சாமான் விற்க வருகிறவன். மடிப்புக் கலையாத சட்டை, எப்போதும் ஒரு ஜோக். அவன் சொல்லும் ஜோக்குக்கு டாக்டரம்மா சிரிப்பாள். மாஸ்டர் சொன்னால் "இது பழசு" என்பாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, "அந்தப் பல் சாமான்காரன் எவ்வளவு உசரம் இருப்பான்?" என்று போகிறபோக்கில் கேட்டார்.

"அவர் உசரம் உங்களுக்கு எதுக்கு?"

"சும்மாதான். உன் வண்டிய வேற யாராவது ஓட்டறாங்களா?"

அவள் கையிலிருந்த கரண்டி ஒரு கணம் நின்றது. "யாரு ஓட்டுவா? நான்தான்."

பச்சைப் பொய். கல்யாணமானதிலிருந்து அவள் அவரிடம் எவ்வளவோ மழுப்பியிருக்கிறாள், பொய் சொன்னதில்லை. மாஸ்டர் தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். அழுகை வந்துவிட்டது. இந்த வயதில், பாத்திரம் கழுவும் சாக்கில் அழுகிற நிலைமை எந்த மனுஷனுக்கும் வரக்கூடாது.

புதன்கிழமை மத்தியானங்களில் கிளினிக்குக்கு விடுமுறை. எஸ்யூவி வந்ததிலிருந்து அந்த மத்தியானங்களில் அவள் வீட்டில் இருப்பதில்லை, கேட்டால் சாமான் இருப்புப் பார்க்கிறேன் என்பாள். இருப்புப் பார்க்கிறாளாம், சாமான்காரனோடு! அந்தப் புதன்கிழமை யாரிடமாவது மனசைக் கொட்டினால் தேவலை என்று இரண்டாவது மாடியில் தனியாக இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. அழைத்தால் போனையும் எடுக்கவில்லை. கூடப் பிறந்தவள்கூட ஆபத்துக்கு உதவமாட்டேன் என்கிறாளே என்று நொந்துகொண்டு வகுப்புக்குக் கிளம்பினார்.

அன்றைய மாணவர் ஒரு பேக்கரிக்காரர். அடுப்புக்கு முன்னால் பயமே இல்லாத மனுஷன், ஸ்டியரிங்கைப் பிடித்தால் மாவு பிசைவதுபோல் பிசைவார். முதல் திருப்பத்தில் வண்டி நின்றது.

"மாஸ்டர், இப்ப நிறுத்தினது நானா, நீங்களா?"

"யாரு நிறுத்தினா என்ன? நின்னுச்சுல்ல?" என்றார் மாஸ்டர். எல்லா மாணவர்களும் ஒருமுறையாவது கேட்கிற கேள்விதான். எல்லோருக்கும் அவர் சொல்கிற பதிலும் இதுதான்.

அப்போதுதான் சிக்னலைத் தாண்டி அந்தக் கறுப்பு யானை போனது.

"அண்ணே, வலது பக்கம் திருப்புங்க. அந்தக் கறுப்பு வண்டி பின்னாடியே போங்க."

"இன்னைக்கு ரிவர்ஸ் எடுக்கலாம்னு சொன்னீங்களே?"

"ரிவர்ஸ் எங்கயும் போகாது. இன்னைக்குப் பாடம், இடைவெளி விட்டுப் பின்னால போறது."

உலகத்தில் இதுவரை யாரும் இப்படிப் பின்தொடர்ந்திருக்க மாட்டார்கள். கூரைமேல் மஞ்சள் பலகை, அதில் மாஸ்டரின் போன் நம்பர், முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' எழுத்து. பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் ஹாரன் அடிக்க, பேக்கரிக்காரர் மாட்டுவண்டி வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். பலகையைக் கழற்ற வேண்டும் என்பது மாஸ்டருக்குத் தோன்றவே இல்லை. நல்லவேளையாக எஸ்யூவியும் அவசரமில்லாமல் போய், மூடிக்கிடந்த ஒரு மரச்சாமான் கிடங்கின் பின்பக்கம் திரும்பியது.

ஆள் நடமாட்டம் இல்லாத இடம். கையும் களவுமாகப் பிடித்தே தீர வேண்டும் என்று மாஸ்டருக்குள் ஒரு மனம் சொன்னது. பார்க்காமலே திரும்பிப் போய்விட்டால் இன்றைக்கு ராத்திரியும் ஒரே வீட்டில் சேர்ந்து சாப்பிடலாமே என்று இன்னொரு மனம் கெஞ்சியது. வாசலுக்கு வெளியிலேயே காரை நிறுத்தச் சொன்னார். சாவியை விட்டுவிட்டு இறங்காதே என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர், இன்ஜின் ஓட ஓட அப்படியே இறங்கி ஓடினார்.

சிமென்ட் தரை பரந்து கிடந்தது. அதற்குள் அங்கே ஓட்டுகிற ஆள் மாறியிருந்தது. மனைவி பக்கத்து சீட்டில் இருந்தாள். ஓட்டுகிறவரின் உச்சந்தலை மட்டும்தான் ஸ்டியரிங்குக்கு மேல் தெரிந்தது. வண்டி இரண்டு காலி டிரம்களுக்கு நடுவே பின்பக்கமாக நுழைந்துகொண்டிருந்தது. அவ்வளவு ஆத்திரத்திலும் மாஸ்டரின் கண் சும்மா இருக்கவில்லை. சரியான இடத்தில் திருப்புகிறான், அவசரப்படவில்லை, கெட்டிக்காரன்தான் என்று மதிப்பெண் போட்டது. வண்டி நின்றது. கதவு திறந்தது. செருப்புப் போட்ட சின்னக் கால் ஒன்று, படியைத் தேடித் துழாவி இறங்கியது.

அவருடைய அக்கா.

"நீயா?" என்றார் மாஸ்டர்.

"நான்தான். வேற யாருன்னு நெனச்சு இப்படி ஓடி வந்த?"

மாஸ்டர் திருதிருவென விழித்தார். முகத்தில் அசடு வழிந்தது. இதற்குள் மனைவியும் இறங்கி வந்துவிட்டாள். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அந்த ஆளோட உசரத்தைக் கேட்டீங்களே, அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்," என்றாள். "என்னைப் போய் அப்படி நெனச்சீங்களா?"

"நீ ஏன் பொய் சொன்ன?"

"நான்தான் சொல்ல வேணாம்னேன்," என்று அக்கா குறுக்கே வந்தாள். "டேய், உன் வண்டியில நான் மூணு மாசம் ஓட்டினேன். ஞாபகம் இருக்கா? நான் பிரேக்ல காலை வைக்கிறதுக்குள்ள வண்டி நின்னுடும். நான் நிறுத்தினேனா, நீ நிறுத்தினியான்னு எனக்கு ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. கேட்டா, யாரு நிறுத்தினா என்னன்னு சொல்லுவ. கடைசியில, உனக்கு இது வராதுக்கா, விட்டுடுன்னுட்ட. சொந்தத் தம்பியே சொல்லும்போது வராதுன்னுதான் நெனச்சேன்."

"அண்ணி அன்னைக்கு எங்கிட்ட வந்து அழுதாங்க," என்றாள் மனைவி. "இந்த வண்டியில ரெண்டாவது பிரேக் கிடையாது. தானா நிக்கிற வசதி ஒண்ணு இருக்கு, இங்க வந்ததும் அதையும் அணைச்சு வச்சிடுவேன். இப்ப நின்னா, அது அண்ணி நிறுத்தினதுதான்."

"அதுக்காகவா இவ்வளவு பெரிய வண்டி? என் பழைய காரைக் கேட்டா தந்திருப்பேனே?"

மனைவி அவருடைய காலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "வண்டி அண்ணிக்காக வாங்கல. உங்க காலுக்காக வாங்கினேன்."

"என் காலுக்கா?"

"ஷோரூம்ல எல்லாரும் மைலேஜைக் கேட்டாங்க, இன்ஜினைக் கேட்டாங்க. நான் விக்கிற ஆளைப் பக்கத்து சீட்ல உக்கார வச்சு, காலைத் தரையில அமுக்குங்கன்னு சொன்னேன். அந்த ஆளு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. ஒவ்வொரு வண்டியா ஏறி இறங்கினோம். இதுல மட்டும்தான் நடுவுல இருக்கிற அந்த மேடை மறைச்சு, கால் தெரியல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஓட்டும்போது நீங்க ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. ஆனா கல்யாணமானதுலேர்ந்து உங்க கால் என்னை நம்பினதே இல்ல. ஒவ்வொரு சிக்னல்லயும் அது என் கண்ணுல படும். எனக்கு ஓட்டத் தெரியும்கிறதே மறந்து போச்சு."

"அது தானா போகுதும்மா. நான் வேணும்னு செய்யல."

"தெரியும். அதனாலதான் உங்ககிட்டச் சொல்லல. வண்டிய மாத்திட்டேன்."

மாஸ்டர் அந்தப் பெரிய வண்டியைப் பார்த்தார். உயரமா உட்காரலாம், இடுப்புக்கு நல்லது, இடித்தால் அடிபடாது. அவரை நோகடிக்காமல் இருக்க எத்தனை காரணம் தேடியிருக்கிறாள்! அவரோ பதிலுக்கு ஒரு பல் சாமான்காரனைத் தேடிப் பிடித்தார். தன்னை நினைத்து அவருக்கே கூசியது.

"தப்புதான்," என்றார்.

"தப்பை வீட்ல போய்ப் பேசிக்கோங்க," என்றாள் அக்கா. "இப்ப ஏறு. பின்னாடி உக்காரு. நான் ஓட்டறதைப் பாரு."

மனைவி முன்னால் ஏறிக்கொண்டாள். மாஸ்டர் பின் சீட்டில், மனைவிக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். அக்கா மூன்றாம் பொத்தானை அமுக்கிச் சீட்டைச் சரிபார்த்து, கண்ணாடி பார்த்து, பெல்ட் போட்டு, வண்டியை எடுத்தாள். முதல் சுற்று. இரண்டாவது சுற்று. மாஸ்டர் இரண்டு கைகளாலும் தன் தொடையைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார்.

வெளியே பேக்கரிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, மாஸ்டரைக் காணோம், பாடத்துக்குப் பணம் கட்டிய நேரமும் போகிறது. துணிந்து அவரே வண்டியை உருட்டிக்கொண்டு வாசலுக்குள் நுழைந்தார். மஞ்சள் பலகை சுவர் மூலையைத் தாண்டி, எஸ்யூவிக்கு நேர் முன்னால் நீட்டியது.

மாஸ்டர் கத்த வாயெடுப்பதற்குள் வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. எதிரே பயிற்சிக் காரும் நின்றது. நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். அக்காவின் கண்கள் கண்ணாடியில் தம்பியைத் தேடின. பழைய பயம் அவள் குரலில் வந்துவிட்டது.

"டேய், இப்ப யாருடா நிறுத்தினது?"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். அவருடைய கால் தரை விரிப்பில் அழுந்திக் கிடந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"நீதான்க்கா," என்றார். "நீயேதான் நிறுத்தின."

அக்கா ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்து அழுதாள், சிரிக்கவும் செய்தாள். முன் சீட்டில் இருந்த மனைவி பின்னால் திரும்பவே இல்லை.

"சரிங்க மாஸ்டர்," என்றாள். "இப்பக் காலை எடுங்க."