கொய்யாக் கைப்பிடி

ஜெர்மன்காரன் சண்டை தொடங்கிய வருஷம் அது. நல்லகண்ணு மலையிலிருந்து இறங்கி பண்ணைப்புரம் வந்தால் சும்மா உட்கார மாட்டான். மண்வெட்டிக்குக் காம்பு போடுவான், கோடாலிக்குப் பிடி செதுக்குவான். அவன் வேலை பார்த்த ஏலக்காய்த் தோட்டத்தில் அவன் போட்ட பிடிக்குத் தனி மதிப்பாம். பிடிக்கப்போகிறவர் கையைப் பார்த்த பிறகுதான் உளியைத் தொடுவான்.

அந்த முறை அவன் கொண்டுவந்தது பிடியில்லாத ஒரு சின்னக் கத்தி. தேய்ந்த அரிவாள் இரும்பைக் கொல்லன் தட்டிக் கொடுத்தது. மலையில் அதைப் பிச்சாத்தி என்கிறார்களாம். அங்கே குடிசைத் தரை எந்நேரமும் ஈரமாம். அரிவாள்மனை போட்டு உட்கார முடியாது, நின்றபடி கையில் பிடித்துத்தான் காய் நறுக்க வேண்டும் என்றான்.

யாருக்கு என்று அவன் மனைவி பஞ்சம்மாள் கேட்டாள்.

"எனக்குத்தான். நானே பொங்கி நானே திங்கிறேன், வேற யாரு இருக்கா அங்கன?"

அவளுக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதிலிருந்து தானும் மலைக்கு வருகிறேன் என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். ஒவ்வொரு முறையும் அவன் மலைக்காய்ச்சலைச் சொல்வான். எலும்பை உலுக்கும், வயிறு வீங்கும், உன் உடம்பு தாங்காது என்பான். வாய்க்காலில் துணி துவைக்கும் பெண்கள், "ஒன்னைய உறியில வச்ச நெய்யாட்டம்ல வச்சிருக்காக" என்று கேலி பேசும்போது அவள் கூச்சத்தோடு சிரித்துக்கொள்வாள்.

பஞ்சம்மாளின் தங்கை சுப்புத்தாயை மலைக்கு அனுப்பலாம் என்று சொன்னது அவன்தான். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அம்மா வீட்டில் முடங்கிக் கிடந்தவள். காய் பறிக்கிற வேலை, இளவட்டம், தாங்கிக்கொள்வாள் என்றான். உங்கள் கண்பார்வையில் இருக்கட்டும் என்று பஞ்சம்மாள்தான் அவளைத் துணிமூட்டையோடு அனுப்பிவைத்தாள். அதற்குப் பிறகு எப்போது விசாரித்தாலும், பெண்கள் தங்கும் லயன் வீடு அந்தப் பக்கச் சரிவில் இருக்கிறது, பார்த்தே நாளாகிவிட்டது என்பான்.

பிடிக்குக் கொய்யாக் கொம்பு. போன முறை அவன் வெட்டி அடுப்புக்கு மேலே செருகிவிட்டுப் போனது. வெடிக்காமல் காய வேண்டும் என்று பஞ்சம்மாள் அதைத் திருப்பித் திருப்பி வைத்திருந்தாள். அவன் அதை அறுத்து நடுவில் துளை போட்டான். கத்தியின் வாலை அவளுடைய அடுப்பிலேயே சிவக்கக் காய்ச்சினான். அவள் ஈரத்துணி சுற்றிக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். வால் துளைக்குள் இறங்கியபோது மரம் கருகிப் புகைந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாளே தவிர கையை விடவில்லை. அரக்கு ஊற்றி, பிடியின் வாயில் பித்தளைப் பூண் தட்டி, ஆறவிட்டான். பிறகு உட்கார்ந்து செதுக்கினான். உடைந்த புட்டிக் கண்ணாடியால் சுரண்டிச் சுரண்டி வழவழப்பாக்கிவிட்டு வாய்க்காலுக்குக் குளிக்கப் போனான்.

அவள் கத்தியை எடுத்துப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. பெருவிரல் பதிய ஒரு பள்ளம், மற்ற விரல்கள் படிய எதிர்ப்பக்கத்தில் சரிவு. வெட்டுவாய் கீழே இருக்கும்படி பிடித்தாள். பெருவிரலுக்கு இடம் கிடைக்கவில்லை. சரிவு இருக்க வேண்டிய இடத்தில் மேடு உறுத்தியது. இடது கைக்கு மாற்றினாள். விரல்கள் ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தன.

நல்லகண்ணு எல்லாம் வலக்கையால் செய்கிறவன். சுப்புத்தாய்க்குத்தான் நொட்டாங்கை. சிறுபிள்ளையில் அம்மா அந்தக் கையைத் துணியால் கட்டிப்போடுவாள். அம்மா அந்தப் பக்கம் போனதும் பஞ்சம்மாள் அவிழ்த்துவிடுவாள். சோற்றுக்கு மட்டும் வலக்கை பழகியது. மற்றதெல்லாம் இன்றுவரை இடக்கைதான்.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மச்சான் கொழுந்தியாளுக்கு ஒரு கத்தி செய்து கொடுத்தால் என்ன? சொல்லியிருந்தால் அவளே எண்ணெய் தடவித் துடைத்துக் கொடுத்திருப்பாள். அப்புறம்தான், எனக்குத்தான் என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. பார்த்தே நாளானவனுக்குத் தங்கையின் பெருவிரல் எங்கே பதியும் என்று எப்படித் தெரியும்? பஞ்சம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அவன் தலை துவட்டிக்கொண்டே வந்தான். அவள் பலகையில் ஒரு கீற்று பரங்கிக்காயை வைத்து, பக்கத்தில் கத்தியை வைத்தாள்.

"புதுக் கத்தி. நீங்களே ஒரு துண்டு போட்டுப் பாருங்க."

சிரித்துக்கொண்டே வலக்கையில் எடுத்தான். பெருவிரல் வழுக்கியது. பிடியைத் திருப்பினான், இறுக்கினான். காய்மேல் கத்தி கோணிக்கொண்டு நின்றது. கீழே வைத்துவிட்டான்.

"பிடி கொஞ்சம் பிசகிப்போச்சு."

"பிசகல. அவ நொட்டாங்கைக்கு அச்சா இருக்கும்."

அவன் தரையில் கிடந்த மரச்சீவல்களைப் பொறுக்க ஆரம்பித்தான். எல்லாவற்றையும் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாதவன்போல் இருந்தான்.

"ஒத்தையில கெடந்து பாரு புள்ள, தெரியும்."

"ஒத்தையில கெடக்க வேணாம்னுதான நானும் வாரேன்னேன். காய்ச்சல் எனக்கு மட்டுந்தான் வரும் போல."

வெளியே யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். அவன் குரலைத் தணித்துக்கொண்டான்.

"சரி, இந்தத் தடவை நீயும் கெளம்பு. அவளும் எந்நேரமும் அக்கா அக்கான்னு ஒன் நெனப்பாத்தான் இருக்கா."

இத்தனை வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தக் குடிசை இப்போது கண்முன் வந்தது. அக்கா என்று கூப்பிட்டபடி, உட்காரச் சொல்லித் தனக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிற தங்கையும் தெரிந்தாள்.

"அங்கன அடுப்பு ஒண்ணுதான இருக்கும்," என்றாள்.

அவள் கத்தியைப் பலகையோடு அவன் பக்கம் தள்ளினாள். எழுந்து போய் உலையில் தன் ஒருத்திக்கு மட்டும் அரிசி போட்டாள்.