கெட்டிமண்

கடப்பாரை நாலு விரல் இறங்கவே இந்தப் பாடு என்றால், வேர் எப்படி இறங்கும்? இதை சங்கத்துக்காரர்களிடம் எந்த வாயால் சொல்வது? போன வருஷம் மடையைத் திறந்துவிட்டவளே நான்தானே?

அம்சவல்லி கடப்பாரையை மறுபடி ஓங்கினாள். வல்லத்துக்கு மேற்கே, கிராவல் வெட்டி ஓய்ந்த குவாரியை மூடிய நிலம் இது. சங்கம் எட்டு வருஷம் போராடி வாங்கியது. பன்னிரண்டு குடும்பம், ஆளுக்கு ஒரு ஏக்கர். பள்ளத்தை நிரப்பிய லாரிகளே மேலே ஓடி ஓடி மண்ணை இறுக்கியிருந்தன. முந்திரிக் கன்று பிழைத்தால்தான் பட்டா நிலைக்கும். இன்னும் ஒரு வருஷம்தான் தவணை.

போன வருஷம் எல்லோரும் தெரிந்ததைச் செய்தார்கள். நடவு வயலைத் தவிர வேறு மண் அறியாதவர்கள். தண்ணீர் கட்டி, சேறடித்து, சமன்படுத்தினார்கள். நெல்லுக்கு அது சரி, தண்ணீர் கீழே இறங்காது. முந்திரிக்கோ வேர் ஆழமாக இறங்க வேண்டும். தை மாதம் காய்ந்த கன்றொன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் ஒரு சாண் இறங்கி, பாறையில் முட்டியது போலப் பக்கவாட்டில் மடங்கியிருந்தது. அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை.

"என்ன அம்சம், புதையல் தேடுறியா?" பக்கத்துக் கொல்லைக்காரி நீலாம்பாள் வந்துகொண்டிருந்தாள். கூடவே சங்கத் தலைவர் வீரையன். "காஞ்ச மண்ண எவளாவது வெட்டுவாளா?"

"காஞ்சாத்தான் ஒடையுது, நீலா. ஈரத்துல அப்பிக்கும்."

"தண்ணி மூணு நாள்தான் வரும்," என்றார் வீரையன். "ஒன் கொல்லைதான் தலைமடை. தொறந்துவிடு, மத்தவங்களுக்குப் போகணும்."

"போன வருஷம் பூரா செத்துச்சே, மாமா."

"மழை இல்ல, செத்துச்சு. இந்த வருஷமும் சேறடிக்கப் பதினோரு பேரு ஒத்துக்கிட்டாச்சு. ஒம் புருசன் எதுக்கு ஜெயிலுக்குப் போனான்? நீ இப்புடித் தனியா நிக்கிறதுக்கா?"

நிலப் போராட்டத்தில் அவள் புருஷன் சாமிதுரை ஏழு மாதம் உள்ளே இருந்தபோது வீட்டுக்கு அரிசி கொண்டுவந்து போட்டவர் இவர். அவன் செத்தபோது முதல் தோள் கொடுத்தவரும் இவர்தான். என் கணக்கு தப்பாக இருந்தால்? பதினோரு குடும்பத்தின் வருஷம் என்னால் போனால்? ஆனால் அந்த வேரைப் பார்த்தாயிற்றே. பார்க்காதவள் மாதிரி எப்படி இருப்பது?

"தொற ஆத்தா," என்றார் வீரையன், தணிந்த குரலில்.

அம்சவல்லி போய் மடைப் பலகையின் மேல் உட்கார்ந்தாள்.

"வேணாம் மாமா," என்றாள். "கடப்பாரைய எடுத்துட்டு வாங்க. ஒங்க கொல்லைக்கும் வந்து வெட்டித் தர்றேன். தண்ணி மட்டும் விடமாட்டேன்."