பின்னால் தள்ளிய போட்டோ

மூன்றாவது ஸ்லைடில்தான் வந்தது வினை. பிரஸ் மிஷினின் தடுப்புத் தகடு கழன்று தொங்கும் போட்டோ. விபத்துக்கு முந்தின வாரம் சொர்ணலதாவே செல்போனில் எடுத்து, "இதக் காட்டிச் சரிபண்ணச் சொல்லு கண்ணு" என்று தாரணிக்கு அனுப்பியது. தாரணியும் காட்டினாள். யார் கேட்டார்கள்? இப்போது சொர்ணலதாவுக்கு வலக்கையில் இரண்டு விரல் இல்லை.

சொர்ணலதா அவளுக்குப் பெரியப்பா மகள். கௌதள்ளியில் இருந்தவளை மைசூருக்கு வரவழைத்து இந்த ஃபேக்டரியில் சேர்த்துவிட்டதே தாரணிதான். ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்ப்பவள் என்பதால், விபத்து விசாரணைக்கு ஸ்லைடு தயாரிக்கிற வேலையும் அவள் தலையிலேயே விடிந்தது. தப்பு சொர்ணலதாவுடையது என்று முடிவானால் வேலை போய்விடும்.

"தெகியம்மா இத!" என்று கன்னடம் கலந்து அதட்டினார் மேனேஜர் பசவராஜ். போட்டோவை எடுத்துவிட வேண்டுமாம். அந்த இடத்தில் ஹெல்மெட் போட்டுச் சிரிக்கிற தொழிலாளி படம் வேண்டுமாம்.

எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. எதிர்த்துப் பேச வாயும் வரவில்லை, பாவி மகள்! சிரிக்கிற படத்தை அதே இடத்தில் வைத்து, போட்டோவை 'சென்ட் டு பேக்' கொடுத்து அதன் பின்னால் தள்ளினாள். அழியவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. மீட்டிங்கில் யாராவது ஒரு வார்த்தை கேட்டால் போதும், உடனே முன்னால் கொண்டுவந்துவிடலாம். அந்த நினைப்பே அவளுக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

மீட்டிங்கில் பசவராஜ் லேப்டாப்பைத் திறக்கவே விடவில்லை. பிரிண்ட் எடுத்து ஆளுக்கொன்று கொடுக்கச் சொல்லிவிட்டார்.

சூடாக வந்த தாளைத் தாரணி திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பைத்தியம், அங்கே என்ன இருக்கும்!

சொர்ணலதா கட்டுப்போட்ட கையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தாளில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ்; தப்பு தன்னுடையதே என்று அவள் கைநாட்டு வைக்க அடியில் இடம் விட்டிருந்தது. அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

"தாரணி, நான் எடுத்த போட்டோ இதுல இருக்குதா?"

கேட்டேவிட்டாள்! இந்த ஒரு வார்த்தைக்குத்தானே காத்திருந்தாள் தாரணி? எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பசவராஜும் பார்த்தார்.

"இருக்குதுக்கா."

"அப்பறம் என்ன? நீ செஞ்சாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொர்ணலதா இடக்கைப் பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தினாள். தாள் நகராமல் தாரணிதான் பிடித்துக்கொண்டாள்.