கார்த்திகேசனுக்கு ஒரு மொய்

கல்யாண வீட்டுப் பேச்சு அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் எப்போது நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது. இப்போது படிக்கிறவர்கள் முன்னால் படித்தவர்களிடமிருந்து கேட்டார்கள். அவர்கள் அவர்களுக்கு முன்னால் படித்தவர்களிடமிருந்து.

தேர்வுக்குப் பந்தி என்று பெயர். வினாத்தாள் கொடுத்துவிட்டால் இலை போட்டாயிற்று. தேறாத பாடத்தை மறுபடி எழுதுவது இரண்டாம் பந்தி. பாதியில் எழுந்து போகிறவன் கை கழுவிவிட்டான். வகுப்புக்கு வராதவனுக்காக இன்னொருவன் “உள்ளேன் ஐயா” சொல்வது மொய். வைத்த மொய்யைத் திருப்ப வேண்டும். திருப்பாதவனை யாரும் திட்ட மாட்டார்கள். அவனுக்கு மறுபடி யாரும் வைக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் கார்த்திகேசன் முதல் மாதமே ரயிலில் கற்றுக்கொண்டார். காலைப் பாசஞ்சரில் கடலூர் முதுநகரில் ஏறுவார். நெல்லிக்குப்பத்திலேயே ஏறிவிட்ட சிலம்பரசன் பெட்டியில் இருப்பான். பரங்கிப்பேட்டையில் நஜியா ஏறுவாள். மூவருக்கும் எம்.ஏ. வரலாறு, முதலாண்டு. அவர்களுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு. அவருக்கு நாற்பத்தொன்று. செம்மங்குப்பத்தில் சாய ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர். ஆலையை மூடினார்கள். “இப்பவாச்சும் படிங்க” என்றாள் மனைவி அருள்மொழி. அவள் அரசு மருத்துவமனையில் செவிலியர். அவள் சம்பளத்தில் வீடு ஓடியது.

சொற்கள் எல்லாம் வந்துவிட்டன. ஒன்று மட்டும் வரவில்லை.

வகுப்பில் சேர்ந்த புதிதில் எல்லாரும் ஒருவரை ஒருவர் வாங்க போங்க என்றுதான் பேசுவார்கள். பிறகு ஒரு நாள், எவனோ எவனையோ மச்சான் என்பான். அதற்கு ‘மச்சான் விழுந்துடுச்சு’ என்று பெயர். கேட்டு வாங்க முடியாது. விழுந்தபின் எடுக்கவும் முடியாது. ஆண், பெண் கணக்கெல்லாம் கிடையாது. நஜியாவுக்கு மூன்றாம் வாரமே விழுந்தது. கடைசி பெஞ்சில் ஒரு நாள் முழுக்கத் தூங்கியவனுக்குக்கூட விழுந்தது.

கார்த்திகேசனுக்கு மட்டும் சார்.

ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார்கள். “உட்காருங்க சார்.” பேச்சு சூடாக இருக்கும்போது அவர் வந்தால் அடங்கினார்கள். ஒரு முறை உள் தேர்வை வேறு அறைக்கு மாற்றிவிட்டார்கள். அவர் பழைய அறையில் பேனாவோடு தனியாக உட்கார்ந்திருந்தார். “சாருக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சோம் சார்” என்றான் சிலம்பரசன். உண்மையாகவே வருத்தப்பட்டான். அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

சிதம்பரம் ரயிலடியில் ஒரு நாள் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கிளாஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள்.

“ஜாஸ்தி செலவு வச்சிட்டோம் சார்.”

பணம் கொடுத்துவிட்டு நடந்தார்.

தொழிற்பேட்டையில் வேறொரு ஆலையில் காவல் மேற்பார்வைக்கு ஆள் தேடினார்கள். பழைய சிநேகிதன் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான். பாடம் கஷ்டமில்லை. பாடம் பிடித்திருந்தது. முழு நாளும் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பதுதான் முடியவில்லை.

“பொங்கல் வரைக்கும் பார்க்கறேன். அதுக்கப்புறமும் இப்படியே இருந்தா நின்னுடறேன்” என்றார் மனைவியிடம்.

“பசங்க மச்சான்னு கூப்புடலன்னா படிப்ப விட்டுடுவீங்களா?”

“ஆமா.”

அருள்மொழி சிரிக்கவில்லை. அதற்காக அவர் நன்றியோடு இருந்தார்.

மார்கழியில் காரியம் கெட்டது.

பேராசிரியர் மணவாளன் பெயர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ‘பிரசன்ட்’ ஆகாது, ‘உள்ளேன் ஐயா’ வேண்டும். சிலம்பரசன் பெயர் வந்தது. பின்னாலிருந்து “உள்ளேன் ஐயா” என்று ஒரு குரல். கார்த்திகேசன் திரும்பிப் பார்த்தார். சிலம்பரசன் இல்லை.

“ஐயா, சிலம்பரசன் வரலையே” என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. ஆலையில் விபத்துச் சைரன் ஊதினால் எல்லாரும் வாசலுக்கு ஓடிவந்து வரிசையில் நிற்க வேண்டும். ஒருவர் பெயர் படிப்பார். உள்ளே மயங்கிக் கிடக்கிறவனுக்காக வெளியே ஒருவன் குரல் கொடுத்துவிட்டால், அவனைத் தேடி யாரும் போக மாட்டார்கள். பதினெட்டு வருஷம் அந்த வரிசையில் நின்ற வாய் அது. மூளையைக் கேட்காமல் பேசிவிட்டது.

மணவாளன் பேனாவை மூடினார்.

அன்றைக்குச் சிலம்பரசன் நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஏற்றிக்கொண்டிருந்தான். சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்திருந்தது. வந்த நாளில் வெட்டி ஏற்றாவிட்டால் வரிசை போய்விடும். கார்த்திகேசனுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் வாய் சும்மா இருந்திருக்குமா என்றும் தெரியாது.

இரண்டு நாள் கழித்து சிலம்பரசனின் அப்பா துறைக்கு வரவழைக்கப்பட்டார். வெள்ளை வேட்டி, காலில் காயாத சேறு. தாழ்வாரத்தில் எதிரே வந்த கார்த்திகேசனைப் பேராசிரியர் என்று நினைத்துக் கும்பிட்டார்.

“பையன ஒண்ணும் பண்ணிடாதீங்க சார். நான்தான் வரச்சொன்னேன். ஆளு கெடைக்கல.”

“நானும் இங்க படிக்கறவந்தாங்க” என்றார் கார்த்திகேசன்.

அவர் நம்பவில்லை. கும்பிட்ட கையை இறக்கவுமில்லை.

அதன்பிறகு ரயிலில் மரியாதை கூடிவிட்டது. அவர் ஏறியதும் நால்வர் எழுந்தார்கள். பரங்கிப்பேட்டை தாண்டும்வரை பார்த்துவிட்டு கார்த்திகேசன் சொன்னார்:

“சிலம்பரசன், அன்னிக்கு நான் வேணும்னு சொல்லல.”

“பரவால்ல சார்.”

“உங்கப்பாவ...”

“பரவால்ல சார்.”

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நஜியா வெளியே உப்பங்கழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அருள்மொழிக்குக் காலை டூட்டி. கார்த்திகேசன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் வேலை பார்க்கும் இடத்துக்கே போய், ரத்தம் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை உட்கார்ந்திருந்தார். சாதாரணக் காய்ச்சல்தான். மாமியார் வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு பஸ் பிடித்தார். சிதம்பரம் வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது.

மத்தியானமும் மணவாளன் வகுப்பு. கார்த்திகேசன் இடத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் பேராசிரியர் கூப்பிட்டார்.

“கார்த்திகேசன், காலையில பாளையக்காரர்கள் பத்தி நடத்தினேனே. சுருக்கமா சொல்லுங்க. ஒழுங்கா கவனிக்கிற ஒரே ஆளு நீங்கதான்.”

எழுந்து நின்றார். பக்கத்து பெஞ்சிலிருந்து நஜியா தன் குறிப்பேட்டை மெல்லத் தள்ளினாள். எழுத்து பெரிதாக, தெளிவாக இருந்தது. படித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். கடைசி பெஞ்சில் சிலம்பரசன், குறிப்பேட்டைப் பார் பார் என்று தாடையால் காட்டிக்கொண்டிருந்தான்.

“ஐயா, காலையில நான் வரல” என்றார் கார்த்திகேசன்.

மணவாளன் வருகைப் பதிவைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“வந்திருக்கீங்களே.”

“வரல ஐயா.”

“அப்ப இது யாரு வச்ச மொய்?”

வகுப்பு திடுக்கிட்டது. அப்புறம் சிரித்தது. மணவாளனும் இதே தாழ்வாரத்தில், இதே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்தான். அது யாருக்கும் அதுவரை தோன்றவில்லை.

“சிரிக்காதீங்க. எங்க காலத்துல மொய் வாங்குனவன் இப்படி மேடையேறி மைக்குல சொல்ல மாட்டான்.” கார்த்திகேசனிடம் திரும்பினார். “யாருன்னு தெரியாதா?”

காலையில் தனக்காகக் குரல் கொடுத்தவன் யாரென்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் கடைசி பெஞ்சில் தாடை ஆடுவது நின்றுபோயிருந்தது.

“தெரியும் ஐயா.”

“சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன் ஐயா.”

“அன்னிக்குக் கேக்காமயே சொன்னீங்க.”

“ஆமாங்க ஐயா.”

மணவாளன் அவரைப் பார்த்துவிட்டு வருகைப் பதிவில் ஒரு கோடு கிழித்தார். இருவருக்கும் பத்து வயதுதான் வித்தியாசம் இருக்கும்.

“காலையிலயும் கிடையாது, இப்பவும் கிடையாது. வெளியில நில்லுங்க.”

கார்த்திகேசன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தாழ்வாரம் நீளமாக, காலியாக இருந்தது. எங்கே நிற்பது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட அவர் வெளியே நின்றதில்லை. சுவரில் சாய்வதா, நேராக நிற்பதா? நேராக நின்றார்.

உள்ளே மறுபடி ஒரு சிரிப்பு எழுந்தது. கதவு திறந்தது. சிலம்பரசன் வந்தான்.

“உன்னை ஏன் அனுப்பிச்சாரு?”

“சிரிச்சேன்.”

“எல்லாருந்தான சிரிச்சாங்க?”

“நான் நிறுத்தல.” கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தியும் சூடு குறையவில்லை. “ஏன் மச்சான், உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? நஜியா நோட்ட தள்றா. நான் கழுத்து சுளுக்கற அளவுக்கு ஜாடை காட்டறேன். பார்த்து வாசிச்சிட்டு உட்காரத் தெரியாதா? அரிச்சந்திரன் வீட்டுல பொண்ணு எடுத்தியா?”

கார்த்திகேசன் வாயைத் திறந்தார். சிலம்பரசன் நிறுத்துகிறவனாகத் தெரியவில்லை.

“அன்னிக்கு எனக்கு ஆப்பு. இன்னிக்கு உனக்கே வச்சிகினு நிக்கற. உன்ன வச்சிகினு ஒரு மொய் எழுத முடியுமா?”

“திருப்பி வைக்க மாட்டேன்னு தெரியுமில்ல. எதுக்கு வச்ச?”

“ரயில்ல காணோம். நஜியா போன் பண்ணா, எடுக்கல. மூணு தடவ பண்ணா. சரி, ஆள் எங்கயோ மாட்டிகினு இருக்கறாருன்னு...” கொஞ்சம் தடுமாறினான். “வச்சேன். விடு.”

கார்த்திகேசன் கைபேசியை எடுத்துப் பார்த்தார். மருத்துவமனையில் சத்தத்தை அணைத்து வைத்தது அப்படியே இருந்தது. நஜியாவின் அழைப்புகள் மூன்று. அதற்குக் கீழே சிலம்பரசனுடையது ஒன்று. அதை அவன் சொல்லவில்லை.

“பாப்பாவுக்குக் காய்ச்சல்” என்றார்.

“இப்ப எப்படி இருக்கு?”

“பரவால்ல. சாதாரணக் காய்ச்சல்தான்.”

“சொல்றதுக்கு என்ன? வாய்ல கொழுக்கட்டையா?”

“உங்கப்பாகிட்ட நான் ஒரு நாள் வந்து பேசணும்.”

“பேசறதுக்கு வராத. அடுத்த வயலுக்கு ஞாயித்துக்கெழம வெட்டு. ஏத்தறதுக்கு ரெண்டு ஆளு கொறையுது.”

“வரேன்.”

“கட்டு தூக்குவியா நீ? முதுகு புடிச்சிக்கும்.”

“ஆலையில டிரம்மு உருட்டுனவன்டா நான்.”

டா தானாக வந்தது. சிலம்பரசன் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கவலையோடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

“அஞ்சு மணிக்கெல்லாம் வயல்ல நிக்கணும். முழுக்கைச் சட்ட போட்டுகினு வா. தோகை அறுத்துடும். திங்கக்கெழம கை காலு வலிக்குதுன்னு கிளாஸுக்கு வராம இருந்த, நான் மொய் வைக்க மாட்டேன்.”

“வைக்காத. வந்தா நானே சொல்லிக்கறேன்.”

“சொல்லுவ. வரலைன்னாலும் வரலன்னு வந்து சொல்லுவ.”

கார்த்திகேசன் சிரித்துவிட்டார். தாழ்வாரத்தில் அது பெரிதாகக் கேட்டது. உள்ளே பாடம் நின்றது. பேராசிரியர் நாற்காலியைத் தள்ளும் சத்தம், பிறகு ஜன்னல் பக்கமாக வரும் செருப்புச் சத்தம்.

சிலம்பரசன் சட்டென்று சுவரோடு ஒட்டி உட்கார்ந்தான். கார்த்திகேசனின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“குனி மச்சான், தலை தெரியுது.”

கார்த்திகேசன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தார்.