கோட்டுக்குப் பின்னால் ஒரு கை

பெரியப்பா எங்கள் வம்ச வரலாற்றை எழுதி முடித்துவிட்டார், ஒரே ஒரு வரியைத் தவிர. பதிவு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. இருநூற்றுப் பத்துப் பக்கம். அட்டையில் அவருடைய தாத்தா: சரிகை வைத்த கோட், நெஞ்சில் பதக்கம், முகத்தில் புகைப்படக்காரர் கேட்டு வாங்கிய வீரம். எங்கள் குடும்பத்தில் பலருக்கு இடதுகைச் சுண்டுவிரல் கொக்கிபோல உள்ளே வளைந்திருக்கும். ஏழாம் பக்கத்தில் அதற்கும் காரணம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக வாள் பிடித்த விரலாம்.

"எல்லாரும் இடதுகையிலயா வாள் பிடிச்சாங்க?" என்று கேட்டாள் அத்தை, பெரியப்பாவின் தங்கை.

"வலதுகையில கேடயம்," என்றார் பெரியப்பா, யோசிக்காமல்.

பாக்கி இருந்த வரி, தாத்தா வகித்த பதவி. சிக்கலே அதில்தான். பெரியப்பாவின் சம்பந்தி, அதாவது மகளுடைய மாமனார், தன் வீட்டு ஹாலிலும் ஒரு தாத்தாவை மாட்டியிருக்கிறார். அதே கோட், அதே பதக்கம். கல்யாணப் பேச்சு நடந்த அன்றே இருவரும் அதைக் கவனித்து, ஒரே படையில் இருந்தவர்களின் பேரன்கள் என்று கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அன்று மாலையே, இரண்டு பேரில் யார் மேலதிகாரி என்ற பேச்சு தொடங்கியது. பதினெட்டு வருடமாக ஓயவில்லை. ஞாயிற்றுக்கிழமை நூல் வெளியீடு; தலைமை தாங்குபவர் சம்பந்தி.

"அந்த மனுஷன் முன்னாடி நான் தலைகுனிஞ்சு நிக்கக் கூடாதுடா. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். தாத்தா என்ன பதவின்னு பார்த்துட்டு வா," என்றார் பெரியப்பா என்னிடம்.

"சம்பந்தி தாத்தாதான் மேலதிகாரின்னு தெரிஞ்சா?" என்றாள் அத்தை.

"அப்போ இன்னும் கொஞ்சம் ஆராய்ச்சி தேவைப்படும்."

நான் பிழைதிருத்துபவன். வேலைவெட்டி இல்லாதவன் என்பதற்கு எங்கள் வீட்டில் வழங்கும் பெயர் அது. எனவே ஆவணக் காப்பகத்துக்கு நான்தான் போனேன்.

காப்பகத்துப் பெண்மணி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, நான் நீட்டிய படத்தை மூக்கருகே வைத்துப் பார்த்தார். "இந்தக் கோட்டா? எங்ககிட்ட நாற்பத்தொன்னு இருக்கு."

"நாற்பத்தொரு கோட்டா?"

"ஒரே கோட்டுதான் சார். நாற்பத்தொரு ஆளு."

ஒரு பழைய ஸ்டுடியோவை மூடியபோது அதன் கண்ணாடி நெகட்டிவ் தகடுகள் இங்கே வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாக விளக்குப் பலகைமேல் வைத்தார். குண்டர், ஒல்லியர், முறைப்பவர், தும்மலை அடக்குபவர். எல்லோர் மேலும் அதே கோட், அதே பதக்கம், அதே இடத்தில் ஒரு பொத்தான் இல்லை. பதினேழாவது ஆள், சம்பந்தி வீட்டுத் தாத்தா. படைக்கும் இவர்களுக்கும் இருந்த ஒரே தொடர்பு, ஸ்டுடியோவின் ஆணியில் தொங்கியது.

"இங்க பாருங்க," என்று உருப்பெருக்கியை நகர்த்தினார். சம்பந்தி வீட்டுத் தாத்தாவின் இடுப்புக்குப் பின்னால், திரையின் ஓரத்தில், ஒரு கை. "கோட்டு எல்லாருக்கும் பெருசு. பின்னாடி ஒரு ஆளு மறைஞ்சு நின்னு, கொத்தாப் பிடிச்சு இறுக்குவான். பிரதி போடும்போது கையை மறைச்சிடுவாங்க. நாற்பது தகட்டுலயும் ஒரே கைதான். யாருதுன்னுதான் தெரியல. பட்டியல்ல 'பெயர் தெரியாத கை'ன்னு எழுதி வெச்சிருக்கோம்."

"மீதி ஒண்ணு?"

"உங்க படம். அதுல பின்னாடி யாருமே இல்ல. அதான் கோட்டு இப்படித் தொளதொளன்னு தொங்குது."

விரிந்த தோள் என்று பெரியப்பா நான்காம் பக்கத்தில் எழுதியிருந்த இடம் அது. நான் மறுபடி அந்தக் கையைப் பார்த்தேன். இடதுகை. சுண்டுவிரல் கொக்கிபோல உள்ளே வளைந்திருந்தது.

என் இடதுகையை எடுத்து விளக்குப் பலகைமேல், தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த அம்மாள் உருப்பெருக்கியை என் கைக்கு நகர்த்தினார், தகட்டுக்கு நகர்த்தினார், மறுபடி என் கைக்கு. பிறகு பேனாவைத் திறந்து, "தாத்தா பேரு சொல்லுங்க," என்றார்.

பிரதிகளோடு வீடு திரும்பியதும் நடந்ததைச் சொன்னேன். பெரியப்பா எல்லாப் படங்களையும் மேசைமேல் பரப்பினார். கடைசியில் தன் தாத்தாவைக் கையில் எடுத்தார்.

"இவருக்கு மட்டும் பிடிச்சுவிட ஆள் இல்லையா?"

"பிடிக்கிற ஆளே இவர்தானே பெரியப்பா."

அவர் சுண்டுவிரலைத் தடவிக்கொண்டார். சிவப்புப் பேனாவை எடுத்து, பதக்கத்தை அடித்தார். வாளை அடித்தார். கேடயம் தானாகப் போயிற்று. அத்தைக்கே பாவமாகிவிட்டது.

"விடுங்கண்ணே. அட்டையில ஏதாவது பூப்படம் போட்டுக்கலாம்."

"எதுக்குப் பூ?" பெரியப்பா குனிந்து பதினேழாவது படத்தை உருவினார். அவருடைய முதுகு மெல்ல நிமிர்ந்தது. பதினெட்டு வருடமாக நான் பார்த்துவரும் அதே நிமிர்வு. "அச்சகத்துக்குப் போன் போடு. அட்டை இதுதான். மறைக்காம, முழுசா."

"அண்ணே, அது சம்பந்தியோட தாத்தா. அவரை எப்படி நம்ம புத்தகத்துல போடறது?"

"அவரை யாரு போட்டா? நான் எங்க தாத்தாவோட கையைப் போடறேன்," என்றார் பெரியப்பா. "முன்னாடி ஒருத்தர் மறைச்சுக்கிட்டு நின்னா அதுக்கு நான் என்ன பண்றது?"